வளர்ந்தவர்களுக்கு ஊரோடு வாழக் கற்பித்தல்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அறிவுசார் குறைபாடு உடைய வளர்ந்த மகனோடும் மகளோடும், தம்பி தங்கையரோடும் வாழும் குடும்பத்தினர் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் பக்கங்களிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, கூடியவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சிறப்புப் பள்ளியை விட்டு வந்தபின் பல ஆண்டுகளாக வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. சமூகத்தில் வாழும் திறன்னு சொல்றீங்களே, அது என்ன? எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறதா?

நுண்ணறிவுச் சோதனையில் வரும் எண்ணை மட்டும் கொண்டு ஒருவருக்கு அறிவுசார் குறைபாடு இருப்பதாக முடிவு செய்வதில்லை. நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 70-க்குக் கீழே இருப்பதோடு, அன்றாட வாழ்வுக்கு வேண்டிய நடைமுறைத் திறன்களிலும் குறை இருக்க வேண்டும். இரண்டும் வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். அந்த எண்ணை நம்மால் பெரிதாக மாற்ற முடியாது. நடைமுறைத் திறன்களைக் கற்பித்தலால் கூட்ட முடியும். நம் வேலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஊரார் எல்லோரும் புழங்கும் இடங்களில் தாமும் புழங்குவதற்கு வேண்டியவையே இத்திறன்கள். கடையில் வேண்டியதைக் கேட்டு வாங்குவது, சாலையைக் கடப்பது, பஸ்ஸில் போய்வருவது, முடிதிருத்தும் கடையில் தன் முறை வரும்வரை காத்திருப்பது, எங்கே வலிக்கிறது என்று மருத்துவரிடம் காட்டுவது, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்துவது ஆகியவை இதில் அடங்கும். எழுத்தறிவு இருந்தால் உதவும். இல்லையென்றாலும் இவற்றில் பெரும்பாலானவற்றைக் கற்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் ஐந்தாம் பிரிவில் சமூகத்தில் வாழ்வதை ஓர் உரிமையாகவே வைத்திருக்கிறது. ஆகவே இதைச் சலுகையாக எண்ணிக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

2. எம் மகனுக்கு முப்பத்திரண்டு வயசாச்சு. இனிமே என்னத்தைக் கத்துக்கப் போறான்?

கற்பான். வேகம் குறைவாக இருக்கும், கூடுதல் முறை செய்து பார்க்க வேண்டியிருக்கும், கற்றதை ஓர் இடத்திலிருந்து வேறோர் இடத்துக்குத் தானாகக் கொண்டுபோவது கடினமாக இருக்கும். இம்மூன்றும் உண்மை, வயது ஏறினால் கற்றல் நின்றுவிடும் என்பது உண்மையில்லை. 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், கடுமையான அறிவுசார் குறைபாடு உடையவர்களென்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்கு மிதிவண்டி பிரேக்கின் பாகங்களை வரிசையாகப் பூட்டக் கற்பித்துக் காட்டினார். ஒருவர் கற்கவில்லையென்றால் கற்பித்த முறையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய நிலைப்பாடு.

பள்ளிக்காலத்தில் பலர் பெற்றது அ, ஆ எழுதுவதும் வண்ணம் தீட்டுவதும் மணி கோப்பதும்தான். அவை பலிக்காததைக் கண்டு 'இவனுக்கு ஒன்றும் ஏறாது' என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். அன்று கற்பிக்கப்பட்டவை அவருடைய வாழ்க்கைக்கு எந்த அளவு தேவைப்பட்டன என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

3. தெரியாதது அவ்வளவு இருக்கே, எதிலேருந்து ஆரம்பிக்கிறது?

முதலில் அவரிடம் கேளுங்கள். பேச இயலாதவரென்றால் எந்தப் பக்கம் கால் தானாகப் போகிறது என்று சில நாள் கவனியுங்கள். டீக்கடைப் பக்கம் நின்று பார்ப்பவருக்குத் தேநீர் வாங்கிக் குடிப்பதே முதல் பாடமாகலாம். அடுத்து, ஒரு வாரத்தில் அவருக்காக மற்றவர்கள் செய்யும் வேலைகளை எல்லாம் எழுதிப் பாருங்கள். 'இதை இவர் செய்யாவிட்டால் வேறொருவர் கட்டாயம் செய்துதான் ஆக வேண்டுமா?' என்பது ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய கேள்வி. ஆம் என்று வருபவை முன்னுரிமை பெற வேண்டும். மணி கோக்காவிட்டால் அவருக்காக யாரும் கோக்கப் போவதில்லை. தன் துணியைத் துவைக்காவிட்டால் எழுபது வயது ஆச்சி துவைக்க வேண்டியிருக்கும்.

ஒரே சமயத்தில் இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம். அவற்றுள் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே செய்வதாக இருக்கட்டும்.

4. வேலையைப் படிப்படியாப் பிரிக்கணும்னு சொல்றாங்க. எப்படிப் பிரிக்கிறது?

முதலில் நீங்களே அந்த வேலையைச் செய்து, கை அசையும்போதெல்லாம் ஒரு படியாக எழுதுங்கள். பால் வாங்குவதை எடுத்துக்கொள்வோம்: பையை எடுப்பது, பணப்பையைச் சட்டைப்பையில் வைப்பது, செருப்பு மாட்டுவது, முகப்பைத் தாண்டித் தெருவின் ஓரமாக நடப்பது, கடையில் ஆள் நின்றால் பின்னால் நிற்பது, பால் பாக்கெட்டைக் கேட்பது அல்லது படத்தைக் காட்டுவது, பணம் கொடுப்பது, மீதியை வாங்கும்வரை நகராமல் நிற்பது, பாலைப் பையில் வைப்பது, திரும்பி நடப்பது, பாலை அடுப்படியில் கொண்டுபோய் வைப்பது. ஒருவருக்குப் பத்துப் படிகள் போதும். மற்றொருவருக்கு 'பணம் கொடுப்பது' என்ற ஒரே படியை நான்காக உடைக்க வேண்டியிருக்கும். எந்தப் படியில் திணறுகிறார் என்று தினமும் ஒரு தாளில் குறித்துவந்தால், முழு வேலையையும் திரும்பக் கற்பிக்காமல் அந்த ஒரு படியில் மட்டும் நேரம் செலவிடலாம்.

பலருக்குக் கடைசிப் படியிலிருந்து கற்பிப்பது எளிது. மற்ற எல்லாவற்றையும் நீங்கள் உடனிருந்து செய்துவிட்டு, பாலை அடுப்படியில் வைப்பதை மட்டும் அவரிடம் விடுங்கள். அது கைவந்தபின் அதற்கு முந்தைய படியையும் விடுங்கள். வேலையை முடித்தவர் என்ற நிறைவு முதல் நாளிலிருந்தே அவருக்குக் கிடைப்பது இம்முறையின் சிறப்பு. பால் வந்துவிட்டது என்பதே அங்கே பரிசு. தனியாக மிட்டாய் கொடுக்க வேண்டியதில்லை.

5. சொன்னாத்தான் செய்யிறா. சொல்லலைன்னா அப்படியே நிக்கிறா.

எல்லாவற்றினும் அதிகமாக வரும் கேள்வி இதுதான். இதற்குப் பதில் பெரும்பாலும் உடன் நிற்பவரிடம் இருக்கிறது. 'பையை எடு, செருப்பு மாட்டு, கதவைச் சாத்து' என்று ஒவ்வொரு படிக்கும் குரல் கொடுத்தே பழக்கியிருந்தால், அந்தக் குரலும் வேலையின் ஒரு பகுதியாகவே அவர் மனத்தில் பதிந்துவிடும். குரல் வராதபோது அடுத்த படி வரவில்லை என்று எண்ணி நிற்கிறார். அவர் பிடிவாதம் செய்யவில்லை. நாம் கற்பித்ததைக் கற்றிருக்கிறார்.

உதவியைக் கொடுக்கும்போதே அதை எப்படிக் குறைக்கப் போகிறோம் என்று திட்டமிட வேண்டும். முதலில் ஒன்றும் சொல்லாமல் மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். பல வீடுகளில் இந்த ஐந்து நொடிதான் கொடுக்கப்படாமலே இருக்கிறது. பிறகு கண்ணாலோ கையாலோ ஒரு சைகை. அதற்குப் பின் 'அடுத்து என்ன?' என்ற கேள்வி. அதன்பிறகே நேரடியாகச் சொல்வது. அதற்கும் பிறகு செய்துகாட்டுவது. கைபிடித்துச் செய்யவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. புதிதாகத் தொடங்கும் வேலையிலும் ஆபத்துள்ள வேலையிலும் மட்டும் இந்த வரிசையைத் திருப்பிப்போட்டு, தவறு நேராதபடி முழு உதவியோடு தொடங்கி, நாளுக்கு நாள் குறைக்கலாம். உங்கள் குரலுக்குப் பதிலாகப் படங்களை வைப்பதும் நல்ல வழி. படிகளைக் கைபேசியில் படமெடுத்து, அச்சிட்டு, வரிசையாகக் கதவருகே ஒட்டிவிட்டால் அவர் தானே பார்த்துக்கொள்வார். படம் என்றும் அங்கே இருக்கும், நாம் இருக்க மாட்டோம்.

நிற்கும் இடமும் உதவியில் சேர்ந்தது. முதல் வாரங்களில் பக்கத்தில், பிறகு இரண்டடி பின்னால், பிறகு தெருமுனையில், கடைசியில் வீட்டு வாசலில் என்று விலகிக்கொண்டே வாருங்கள். கடைக்காரரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: 'என்னைப் பார்த்துக் கேட்காதீர்கள், அவளிடமே கேளுங்கள்.'

6. வகுப்புல விளையாட்டுக் காசு வச்சு நல்லாக் கணக்குப் போடுறான். கடையில முழிக்கிறான். ஏன்?

மேலே இரண்டாம் பதிலில் சொன்ன இடம் மாற்றும் கடினமே காரணம். வகுப்பில் சத்தமில்லை, பின்னால் நெருக்கும் ஆளில்லை, கடைக்காரர் 'சீக்கிரம்' என்பதில்லை. காசின் எடையும் தாளின் நிறமும்கூட வேறு. அவர் கற்றது வகுப்பறையில் அட்டையை அடுக்குவது. கடையில் வாங்குவது அவருக்கு முற்றிலும் புதிய வேலை.

ஆகவே தொடக்கத்திலிருந்தே உண்மையான பணம், உண்மையான கடை. ஒத்திகை வேண்டுமென்றால் புறப்படுவதற்குச் சற்று முன் வீட்டுத் திண்ணையில் செய்துவிட்டு உடனே கிளம்புங்கள். ஒரு கடையில் நன்கு வந்ததும் இரண்டாவது கடை, பிறகு வேறொரு தெரு, பிறகு கூட்டம் மிகுந்த வாரச் சந்தை என்று வேண்டுமென்றே இடத்தை மாற்ற வேண்டும். ஓர் ஒற்றைக் கடையில் மட்டும் வாங்கத் தெரிந்தவர், அந்தக் கடை பூட்டியிருக்கும் நாளில் வெறுங்கையோடு திரும்புவார். அல்லது பூட்டிய கதவுமுன் வெகுநேரம் நிற்பார். 'கடை பூட்டியிருந்தால் என்ன செய்வது' என்பதும் ஒரு படி.

7. எண்ணவே தெரியாதவகிட்ட பணத்தைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பத்து வரை எண்ணத் தெரிந்தால் பத்து ரூபாய்த் தாள்களாகவே கொடுத்து, விலையில் வரும் பத்துகளுக்கு மேல் ஒன்று கூட்டிக் கொடுக்கப் பழக்கலாம்: முப்பத்தேழு என்றால் நான்கு தாள், மீதிக்குக் காத்திருப்பது. எண்ணவே இயலாதவருக்கு, வாங்கவேண்டிய பொருளின் படம் ஒட்டிய சிறு உறைகளில் அதற்குரிய பணத்தைப் போட்டு வைக்கலாம். 20 ரூபாய்த் தாளும் 200 ரூபாய்த் தாளும் இப்போது மஞ்சள் சாயல் கொண்டவை என்பதால், 200 ரூபாயைத் தொடக்கத்தில் பணப்பையில் சேர்க்க வேண்டாம். கைபேசி வழியே பணம் செலுத்துவது எண்ணத் தெரியாதவருக்குப் பெரிய துணையாகலாம். ஆனால் சிறு தொகை மட்டுமே உள்ள கணக்காக இருக்க வேண்டும், ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது தனிப் பாடமாக நடந்திருக்க வேண்டும்.

இதனோடு சேர்ந்து வரும் இன்னொரு கேள்வி, தமிழ்நாடு அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையைப் பற்றியது. அது அவருடைய பணம். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டார் செலவிடுவது நியாயமே. என்றாலும் ஒரு பகுதியை, நூறு ரூபாயானாலும், அவர் விருப்பப்படி செலவிட மாதந்தோறும் அவர் கையில் கொடுங்கள். செலவிடவே இல்லாதவர் பணத்தின் மதிப்பை எப்படிக் கற்பார்?

8. டவுன் பஸ்ல தனியா அனுப்புறது சரியா? ஏதாவது ஆயிட்டா?

ஏதும் ஆகாது என்று யாராலும் உறுதி கூற இயலாது. 1972இல் ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர், மற்ற மனிதர்கள் அன்றாடம் ஏற்கும் ஆபத்தில் ஒரு பங்கை ஏற்கவிடுவதும் ஒருவருக்குச் செய்யும் மரியாதையே என்று எழுதினார். எல்லா ஆபத்தையும் நீக்கினால் வாழ்க்கையையும் சேர்த்தே நீக்கிவிடுகிறோம். நம் கடமை ஆபத்தை அளந்து, முன்னேற்பாடு செய்து, பிறகு விடுவது.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகவேண்டியவரை எடுத்துக்கொள்வோம். பலகையில் உள்ள 'குன்றக்குடி' என்ற எழுத்தை அவர் படிக்க வேண்டியதில்லை. அதே வடிவத்தை எழுதிய அட்டையை வைத்து ஒப்பிட்டால் போதும். பஸ் நின்றபின் 'குன்றக்குடி போகுமா?' என்று நடத்துநரிடம் கேட்பது இரண்டாவது காப்பு. மலைமேல் இருக்கும் முருகன் கோயில் தூரத்திலேயே தெரியும் என்பதால், அது தெரிந்ததும் எழுந்து படிக்கட்டருகே வரவேண்டும் என்று பழக்கலாம். இப்படிக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எந்தப் பாதையிலும் ஒன்று கிடைக்கும். சில வாரங்கள் பக்கத்து இருக்கையில், பிறகு பின் இருக்கையில், பிறகு பேசாமல் அதே பஸ்ஸில், கடைசியாக நீங்கள் முன்னால் போய் இறங்குமிடத்தில் நின்றிருப்பது என்று ஐந்தாம் பதிலில் சொன்ன விலகலை இங்கும் செய்யுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் உதவியாளர் ஒருவருக்கும் கட்டணமில்லை. பயிற்சிக்கு எத்தனை முறை போனாலும் செலவில்லை.

தனியே விடுவதற்கு முன், வழி தவறினால் செய்ய வேண்டியதை வேண்டுமென்றே நடத்திப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, நீங்கள் சற்று விலகி நின்று, அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நின்ற இடத்திலேயே நிற்பது, கைபேசியில் உங்கள் படத்தைத் தொட்டு அழைப்பது, அது இல்லாவிட்டால் வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டையைப் பக்கத்துக் கடையில் காட்டுவது ஆகிய மூன்றும் வரும்வரை தனியே அனுப்ப வேண்டாம்.

9. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போனா எல்லாரும் பார்க்கிறாங்க. விட்டுட்டுப் போயிரலாமா?

விட்டுப் போகாதீர்கள். நம் பகுதியில் ஊர் கூடுவது கல்யாணத்திலும் திருவிழாவிலும்தான்; அங்கே முகம் தெரியாதவரை ஊர் தன்னவராக நினைக்காது. முன்கூட்டியே வீட்டில் வணக்கம் சொல்வது, பந்தியில் வேண்டாததை இலைமேல் கைகாட்டி மறுப்பது, எல்லோரையும் கட்டிப்பிடிக்காமல் இருப்பது ஆகியவற்றைப் பழக்குங்கள். அரை மணி நேரம் இருந்துவிட்டு, அவர் சலிப்பதற்குள் கிளம்புவது முதல் சில முறைக்குப் போதும். வருவோருக்குப் பன்னீர் தெளிப்பது போன்ற ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கிக் கொடுத்தால், பார்ப்பவர் பார்வையும் மாறும். முப்பது வயதுக்காரரைப் 'பாப்பா' என்று கொஞ்சுபவரிடம் பெயர் சொல்லி அழைக்கும்படி அடக்கமாகச் சொல்லுங்கள். உறவினர் வருத்தப்படுவார்களோ என்று தயங்க வேண்டாம்.

10. வலிப்பு வர்றவரு. அவருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், சில எல்லைகளோடு. ஊருணியிலோ கிணற்றடியிலோ தனியே குளிக்கக்கூடாது. குளியலறைக் கதவை உள்ளே தாழிடக்கூடாது. அடுப்பில் திறந்த தீக்கு மாறாக மின்சார அடுப்பில், சட்டியின் கைப்பிடியை உட்பக்கம் திருப்பிவைத்துச் சமைக்கப் பழக்குங்கள். மருந்தைக் கிழமை எழுதிய பெட்டியிலிருந்து தானே எடுத்துக்கொள்வது அவருக்கு முதன்மையான திறன். தனிப் பயணத்தை மருத்துவரைக் கேட்டே தீர்மானியுங்கள்.

11. பொம்பளைப் பிள்ளை. வெளியே விடவே பயமா இருக்கு.

பயம் நியாயமானது. வீட்டுக்குள் வைத்திருப்பது மட்டும் அதற்குத் தீர்வாகாது. தீங்கு செய்வோர் பல சமயம் வீட்டாருக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார்கள். உடலுறுப்புகளின் பெயர், தனி இடம் எது பொது இடம் எது, யார் எதற்காகத் தொடலாம், மாதவிலக்கின்போது தானே துணி மாற்றிக்கொள்வது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுங்கள். ஆண்களுக்கும் இப்பாடங்கள் தேவை.

இவற்றினும் அடிப்படையானது மறுக்கத் தெரிவது. பெரியவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும்படி வளர்க்கப்பட்டவர், தீய எண்ணத்தோடு வருபவரிடமும் தலையாட்டுவார். ஆகவே வீட்டில் அவர் 'வேண்டாம்' என்று சொல்லும்போது, அது இன்னொரு தோசையானாலும் உறவினர் கன்னத்தைக் கிள்ளுவதானாலும், அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு இழைக்கும் வன்கொடுமைக்கு 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. நடந்ததைக் குடும்ப மானம் கருதி மறைப்பது குற்றவாளிக்கு மட்டுமே உதவும்.

12. வேண்டாம்னு சொல்றதை மதிக்கணும்கிறீங்க. அவ எல்லாத்துக்கும் வேண்டாம்னு டிவி முன்னாடியே உக்காந்தா?

கடினமான கேள்வி. வாழ்நாளெல்லாம் தொலைக்காட்சி மட்டுமே கொடுக்கப்பட்டவர் அதையே தேர்ந்தெடுப்பதை முழுமையான தேர்வென்று கருத முடியாது. எனவே புதிய ஒன்றைச் சில முறையாவது, சிறு அளவில், இனிய துணையோடு செய்துபார்க்கும் வாய்ப்பு முதலில் வேண்டும். ஓலைக் கொட்டான் முடைவதா, கோலம் போடுவதா, அக்கம்பக்கத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதா என்று இரண்டு மூன்றைக் கண்முன் வைத்துத் தேரச் சொல்லுங்கள். செய்துபார்த்த பிறகும் ஒன்றை வேண்டாம் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

குளிப்பது, மருந்து போன்றவற்றில் செய்வதா வேண்டாமா என்று கேட்க இடமில்லை. எப்போது, எந்தச் சோப்பு, எந்தச் சட்டை என்று தேர இடமுண்டு. திடீரென்று எல்லாவற்றையும் மறுக்கத் தொடங்கினால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

13. நல்லாச் செஞ்சுக்கிட்டிருந்தவர் நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஒவ்வொண்ணா மறக்கிறார். பயிற்சியைக் கூட்டணுமா?

பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். டவுன் நோய்க்குறி உடையவர்களுக்கு அல்சைமர் மறதிநோய் மற்றவர்களைவிட வெகு முன்பாகவே, நாற்பதுகளிலேயே தொடங்கலாம். ஆனால் உடனே அதுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். தைராய்டு குறைவு, கண்புரை, காதில் அழுக்கு அடைத்துக் கேட்காமற் போவது, மனச்சோர்வு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது ஆகியவையும் இப்படியே தோன்றும்; இவற்றுக்கு மருத்துவம் உண்டு. தாயோ தந்தையோ இறந்ததை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லாமல் விட்டிருந்தாலும் இப்படி நேரும்.

மறதிநோய்தான் என்று உறுதியானால் நான்காம் பதிலுக்கு நேர்மாறாக நடக்க வேண்டும். புதிய படிகளைச் சேர்க்காமல், அவரால் இயலாது போன படியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டு, மீதியை அவரிடமே விட்டுவையுங்கள். ஒன்று போனதற்காக முழு வேலையையும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

14. எங்களுக்குப் பிறகு யாரு பார்ப்பா? பூர்வீக வீட்டுல அவனுக்கும் பங்கு இருக்கே, கையெழுத்து யார் போடுறது?

பதினெட்டு வயது நிறைந்தவருக்குப் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலராகத் தொடர்வதில்லை. இது பலருக்குத் தெரியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமிக்கலாம். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஆண்டுதோறும் கணக்கையும் அக்குழுவிடம் தரவேண்டும். ஒரே வளவுக்கு, அதாவது பூர்வீகக் கூட்டு வீட்டுக்கு, எத்தனையோ பங்காளிகள் கையெழுத்திட வேண்டியிருக்கும் நம் ஊரில் இந்த ஏற்பாடு பின்னால் வரும் வழக்கைத் தவிர்க்கும். ஆனாலும் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் பாதுகாவலர் தேவையில்லை. 2016 சட்டம் அவரோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலையே முன்வைக்கிறது. தன் சட்டையையும் தன் சாப்பாட்டையும் தேரத் தெரிந்தவரிடமிருந்து அந்த உரிமையைச் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு.

சட்டத்தோடு பழக்கமும் வேண்டும். பெரிய வீட்டில் வயதான தாயும் மகனும் மட்டும் இருந்து, மற்றப் பிள்ளைகள் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும் குடும்பங்கள் இங்கே பல. தாய் மருத்துவமனையில் சேரும் இரவிலேயே மகன் முதன்முறையாக வேறொரு வீட்டில் படுக்க நேர்வது கொடுமை. நீங்கள் நலமாக இருக்கும்போதே மாதத்தில் ஓரிரவு அத்தை வீட்டிலோ தமக்கை வீட்டிலோ தங்கவையுங்கள். பிறகு இரண்டு இரவாக்குங்கள். அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார், எதைத் தானே செய்வார், எந்தப் படியில் எவ்வளவு உதவி வேண்டும், கோபம் வந்தால் எது தணிக்கும், எந்தக் கடையில் அவரைத் தெரியும் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக்காட்டி, அவர் மாற்றச் சொல்வதை மாற்றி, அதன் நகல் ஒன்றை அடுத்துப் பொறுப்பேற்கப் போகிறவரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.